மாப்பிள்ளை சட்டையில் இரும்பு

1

இது நான் எழுத நினைத்த கதை இல்லை. முதலில் இது கதையே இல்லை. சென்னையிலிருந்து வரும் ஒரு மாதப் பத்திரிகையின் ஆசிரியர் போன் செய்து, "மேடம், உங்க ஊர்ப் பக்கம் மண், பாறை, தண்ணி எல்லாத்துலயும் இரும்பு எப்படியெல்லாம் நிறம் காட்டுதுன்னு ஒரு கட்டுரை வேணும். எளிமையா, அழகா" என்றார். நான் தென்காசியில் தமிழ் டீச்சர். இரும்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது தோசைக்கல் வரைக்கும்தான். ஆனால் பத்திரிகையில் பெயர் வரும் என்றால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒத்துக்கொண்டது வைகாசியில். இப்போது ஆடி முடியப் போகிறது. கட்டுரை எங்கே போயிற்று, கதை எந்த வழியாக உள்ளே வந்தது, இதில் நான் யார் பக்கம், ஒன்றும் விளங்கவில்லை. தலை கிறுகிறுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம்:

"குற்றால மலையின் பாறையை உடைத்துப் பார்த்தால் உள்ளே பச்சை கலந்த சாம்பல் நிறம். வெளித்தோலோ பழுப்பு. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் யாதெனில்"

யாதெனில் என்று எழுதியதும் எனக்கே தூக்கம் வந்துவிட்டது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "இரும்பு ஒரு பச்சோந்தி." பத்தாம் வகுப்புக் கட்டுரைப் போட்டியில் பிள்ளைகள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நானே மார்க்கைக் குறைப்பேன்.

மூன்றாவது: "வடிவாம்பாள் டீச்சரிடம் கேட்டபோது அவர்"

இந்த வாக்கியத்தை இன்றுவரை முடிக்கவில்லை. இங்கேதான் வண்டி தடம் மாறியது.

2

வடிவாம்பாள் எங்கள் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். எனக்கு வடிவு. அவளுக்கு நான் விஜயம் அக்கா. நாற்பத்தைந்து வயது. கணவர் குத்தாலிங்கம் ஆறு வருடத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகள் ஸ்ரீவித்யா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். வடிவு தென்காசியில் தனியாக இருக்கிறாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தயிர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டே பாடம் நடத்தினாள்.

"அக்கா, ரொம்ப யோசிக்காதிய. இரும்பு எவ்வளவு காத்தைக் குடிச்சிருக்கு, எவ்வளவு தண்ணியைக் குடிச்சிருக்கு, அம்புட்டுதான். நல்லாக் காத்தைக் குடிச்சா செவப்பு, நம்ம செம்மண்ணு. தண்ணியும் சேந்துச்சின்னா மஞ்சக்காவி. அரையும் குறையுமாக் குடிச்சா கறுப்பு. சித்தாத்து மணல்ல காந்தத்தை விட்டா ஒட்டுமே, அதான். காத்தே படாமக் கெடந்தா பச்சை, சாம்பல். வயல்ல ஆழமா வெட்டிப் பாருங்க, அடிச்சேறு நீலம் பாஞ்ச சாம்பலா இருக்கும்."

"நீலம் கூட உண்டாட்டி?"

"உண்டுக்கா. சகதியில எலும்பு கெடக்குற எடத்துல ஒரு கல்லு உண்டாகும். தோண்டும்போது நிறமே இருக்காது. வெளிச்சம் பட்டாக் கொஞ்சங் கொஞ்சமா நீலமாயிரும்."

"அட கூத்தே. வெளிய வந்தா நிறம் மாறிருமா?"

"வெளிய வந்தா எதுதான்க்கா மாறாம இருக்கு?"

[இந்தக் கடைசி வரியை அவள் சொன்னாளா, நான் சேர்த்தேனா என்று இப்போது நினைவில்லை. அவள் சொல்லியிருக்கக் கூடியவள். நான் சேர்த்திருக்கக் கூடியவள். அப்படியே விடுகிறேன்.]

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை பிள்ளைகளுக்குத் தரும் சத்து மாத்திரை நீலமாக இருக்கிறதே, அதுவும் இரும்பின் நீலம்தானா என்று கேட்டேன். "அது மேல பூசின கலருக்கா" என்றாள். அதை வைத்து ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தேன். போச்சு.

3

இனி, கட்டுரைக்குள் வரக்கூடாத விஷயம்.

ஆனி மாதம் வடிவுக்கு மறுமணம் நிச்சயமாயிற்று. ஏற்பாடு செய்தது மகள்தான். "அம்மா, நீ தனியா இருக்கிறதை நெனச்சா எனக்கு இங்க வேலை ஓடல" என்று சொல்லிச் சொல்லியே கரைத்துவிட்டாள். மாப்பிள்ளை கணபதிசுப்பிரமணியன். சிவகிரியில் மருந்துக்கடை. மனைவி இறந்து நாளாயிற்று, பிள்ளை இல்லை. அதிர்ந்து பேசாத மனிதர். வடிவின் அண்ணன் சுப்பு அரை மனதாகத் தலையாட்டினார். நிச்சயதார்த்தத்தை இலஞ்சியில் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். கல்யாணம் ஆவணியில் என்று பேச்சு.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். நிச்சயத்தில் வைக்கும் கும்பத்துக்குத் தண்ணீர் பெண்ணின் பிறந்த வீட்டுக் கிணற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். குழாயில் வரும் குடிதண்ணீர் ஆகாது. அது கவர்மெண்ட் தண்ணீர், பிறந்த வீட்டுத் தண்ணீர் எப்படி ஆகும் என்பார்கள். இப்போது அந்தக் கிணறு வற்றிப்போய், உள்ளேயே போர் இறக்கியிருக்கிறார்கள். ஆக, கிணற்றுத் தண்ணீர் என்றால் போர் தண்ணீர்தான்.

அந்தத் தண்ணீரின் குணம் இலஞ்சியில் அந்தத் தெருவுக்கே தெரியும். பிடிக்கும்போது பளிங்கு மாதிரி இருக்கும். வாளியில் விட்டால் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகும், அப்புறம் அடியில் செங்காவி படியும். வெள்ளை வேட்டியை அதில் அலசினால் சாமியார் வேட்டிதான். ஒருமுறை நான் போயிருந்தபோது சுப்புவின் மனைவி சண்முகசுந்தரி மறந்துபோய் அந்தத் தண்ணீரில் டீ போட்டுவிட்டாள். கறுகறுவென்று வந்தது. நான் குடிக்கப் பயந்தேன். "விஷம் இல்லக்கா, இரும்பு. தேயிலைத் துவர்ப்பும் இரும்பும் சேந்தா கறுப்பாயிரும்" என்று வடிவு சிரித்தாள். அந்த வீட்டில் சமையலுக்குக் குழாய்த் தண்ணீர், துணிக்கும் செடிக்கும் போர் என்று பிரித்து வைத்திருந்தார்கள்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே கும்பத்தில் தண்ணீர் நிரப்பி, கிராம்பு, ஏலக்காய், பச்சைக் கற்பூரம் போட்டு, மாவிலையும் தேங்காயும் வைத்துப் பூஜை அறையில் வைத்தாயிற்று. மறுநாள் குருக்கள் மாவிலையால் தண்ணீரைத் தொட்டு இருவர் மேலும் தெளித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. பந்தியில் உட்கார்ந்தோம். துளிகள் காய்ந்தன. காயக் காயக் கறுத்தன.

பாயசம் ஊற்ற வந்த சண்முகசுந்தரிதான் முதலில் பார்த்தாள். கணபதிசுப்பிரமணியனின் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து நெஞ்சு வரைக்கும் கருநீலப் புள்ளிகள். வடிவு கட்டியிருந்தது கத்திரிப்பூ நிறப் பட்டு, அதில் ஒன்றும் தெரியவில்லை.

"ஐயையோ! மாப்பிள்ளை சட்டையில என்னது இது?"

எல்லோரும் எழுந்தார்கள். ஒருவர் ஓடிப்போய்க் கும்பத்தைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே தண்ணீர் கறுத்துக் கிடக்கிறது என்று சொன்னார். வடிவு இலையை விட்டு எழுந்து, "இரும்புதாம்மா அது! கிராம்புலயும் மாவிலையிலயும் துவர்ப்பு இருக்கு. நம்ம வீட்டு டீ கறுக்கும்லா, அதே கதைதான்" என்று கத்தினாள். யார் காதிலும் ஏறவில்லை. சண்முகசுந்தரி தூணைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"குத்தாலிங்கம் அண்ணனுக்குச் சம்மதம் இல்ல. அவ மேல ஒரு பொட்டுத் தெரியல, இவுக மேல மட்டும் தெறிச்சிருக்கு பாருங்க!"

சுப்பு, "ஆவணியில வேண்டாம். தையில பாத்துக்கிடலாம்" என்றார். அந்த வீட்டில் தையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கைகழுவியாயிற்று என்று அர்த்தம்.

4

மறு வாரம் வடிவு என்னிடம் வந்தாள்.

"அக்கா, கட்டுரையில ஒரு வரி சேத்துருங்க. இரும்பு கலந்த தண்ணியில மாவிலையும் கிராம்பும் ஊறினா கறுக்கும், அது இயற்கைன்னு. போதும்."

"நீ சொன்னாலே நம்பாதவங்க நான் எழுதினா நம்புவாங்களாட்டி?"

"சண்முகசுந்தரி மதினி அந்தப் பத்திரிகையில ராசிபலன் படிக்காம அடுப்புப் பத்த வைக்க மாட்டா. அதுல வந்தா வேதவாக்கு."

அதே பத்திரிகையில் ராசிபலனுக்கு அடுத்த பக்கத்தில் இரும்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வடிவு சிரிக்கவில்லை. ஆவணி பிறப்பதற்குள் ஒரு முடிவு சொல்லுங்கள் என்று சிவகிரியில் மாப்பிள்ளையின் அண்ணன் கெடு வைத்திருந்தார். அவளுக்கு வேண்டியது ஒரு வரி. என்னால் எழுத முடியாமல் போனதும் அந்த ஒரு வரிதான்.

ஏன் என்றால், எழுத உட்கார்ந்ததும் எனக்குள் ஒரு கேள்வி புகுந்துகொண்டது. அந்தத் தண்ணீர் டீயைக் கறுக்க வைக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியுமே, பிறகு கும்பத்தில் அதை ஊற்றியது யார்? கட்டுரை எழுதுகிறவளுக்கு இந்தக் கேள்வி வேண்டியதில்லை. கதை எழுதுகிற கை அரிக்கும், சும்மா இருக்காது.

5

சுப்பு என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது.

[நிஜத்தில் அவர் என்னைப் பார்த்தால் "வாங்கக்கா, காப்பி சாப்பிடுங்க" என்று உபசரிக்கிற மனிதர். அவரைப் "பாத்திரம்" என்று எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதினேன்.]

முதல் வரைவு: சுப்பு வழக்கப்படி கிணற்றுத் தண்ணீரைப் பிடிக்கிறார். டீ நினைவே வரவில்லை. சாமி காரியத்தையும் அடுப்படிக் காரியத்தையும் யார் சேர்த்து யோசிப்பார்கள்? சட்டையில் புள்ளியைப் பார்த்ததும் எல்லோரையும்போல அவரும் நடுங்குகிறார்.

இதில் கதையே இல்லை. கிழித்தேன்.

இரண்டாவது வரைவு: சுப்புவுக்குத் தெரியும். தங்கைக்கு வேண்டாம் என்று நேராகச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. தங்கை மகள் ஸ்ரீவித்யாவின் வாய்க்குப் பயம். செத்துப்போன மச்சினனைச் சொல்ல வைத்துவிட்டால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். சாயங்காலம், கூடத்தில் யாரும் இல்லாத நேரத்தில், சுப்பு கும்பத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், போர்க் குழாயைத் திறந்து, கிராம்பை வழக்கத்தைவிட ஒரு கை கூடவே

இதுவரை எழுதியபோது என் உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். எழுதுகிறவர்களுக்குத் தெரியும் அது என்ன சந்தோஷம் என்று. வெட்கமாகவும் இருந்தது. இரும்பின் நிறங்களை எழுதச் சொன்னால் ஒரு நல்ல மனிதரின் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வரைவில் எது சரி? தெரியவில்லை. இரண்டும் இருக்கக் கூடியவை. தண்ணீரைப் பார்த்து அது கறுத்த காரணத்தைச் சொல்லிவிடலாம், ஊற்றிய கையின் காரணத்தைச் சொல்ல முடியாது. [இது நன்றாக இருக்கிறது என்று நினைத்துக் கோடு போட்டு வைத்தேன். மறுநாள் படித்தபோது மேடைப் பேச்சு மாதிரி இருந்தது.]

முடிவெடுக்க முடியாமல் இரண்டையும் வடிவுக்கே வாட்ஸப்பில் அனுப்பினேன். அனுப்பியிருக்கக் கூடாதோ என்னவோ. நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

6

இன்று சனிக்கிழமை. காலையில் வடிவு மேலகரத்தில் என் வீட்டுக்கு வந்தாள். சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. குற்றாலத்துக்குப் போகிற கார்களின் சத்தத்தில் மாடியில் பேசுவதே கேட்காது, ஜன்னலைச் சாத்தினேன். கணபதிசுப்பிரமணியன் நேரில் வந்து பேசப் போவதாகச் சொல்லியிருக்கிறார், இங்கே உங்கள் வீட்டு வாசலுக்கே வரச் சொல்லிவிட்டேன் என்றாள். ஆவணியா, இல்லையா என்று அவருக்கு இன்று தெரிந்தாக வேண்டும்.

ஈரம்கூடத் துடைக்காமல் உட்கார்ந்தாள்.

"அக்கா, எங்க அண்ணனை இதுல இருந்து எடுத்துருங்க."

"பேரை மாத்திருதேன்ட்டி."

"பேரை இல்ல. ஆளையே எடுங்க. தண்ணி பிடிச்சது அவன் இல்ல."

"பெறவு யாரு?"

"நான்தான்."

இரண்டு வரைவு எழுதிய எனக்கு இந்த மூன்றாவது தோன்றவே இல்லை. கெமிஸ்ட்ரி டீச்சரை நான் சந்தேகப்படவே இல்லை. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று விட்டுவிட்டேன். என்ன புத்தி இது!

"வழக்கம்னு பிடிச்சியாக்கும்?"

"அப்படித்தான் நெனச்சேன். மதினி கும்பத்தைக் கையில தந்து கிணத்துத் தண்ணி பிடிச்சிட்டு வான்னா. பிடிச்சேன். கிராம்பு போடுத நேரத்துல கை நின்னுச்சுக்கா. இது கறுக்கும்லான்னு தோணிச்சு. போய்க் கொட்டிட்டுக் குழாயில பிடிச்சிருக்கலாம். பக்கத்துலதான் குழாய். கொட்டல. போட்டுட்டேன்."

"ஏட்டி, தெரிஞ்சேவா போட்ட?"

"அதான் தெரியல. அன்னையிலேர்ந்து அதைத்தான் யோசிக்கேன். ரெண்டு கிராம்பு என்ன செய்யப்போவுதுன்னு போட்டேனா, கறுக்கட்டும்னு போட்டேனா? பந்தியில எந்திருச்சு இரும்பு இரும்புன்னு கத்துனேன் பாருங்க, அது அவுகளுக்காக் கத்துனேன்? எனக்குத்தான் கத்துனேன்."

"அப்போ அந்த ஒரு வரி கேட்டது?"

"அதுவும் எனக்குத்தான். வெறும் இரும்புதான்னு யாராவது அச்சடிச்சுத் தந்துட்டா நானும் வெறும் இரும்புதான்னு இருந்துக்கிடலாம்லா."

கொஞ்ச நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை சில்லென்று இருந்தது.

"வடிவு, உள்ளதைச் சொல்லு. அவரைப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்குக்கா." முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள். "ரொம்பப் பிடிச்சிருக்கு. அதான் பயம். முன்ன எல்லாம் கண்ணை மூடினா ஸ்ரீவித்யா அப்பா முகம் வரும். இப்போ இவுக முகம் வருது. அவிய முகத்தை நான்லா வச்சிருக்கேன், வேற யாரு வச்சிருக்கா? நானும் விட்டுட்டா அவிய எங்க போவாவ?"

நான் தமிழ் டீச்சர். முப்பது வருடமாக வார்த்தைகளோடு குடித்தனம். கூட அழுதேன், அவ்வளவுதான்.

7

கீழே ஹாரன் கேட்டது. ஜன்னலைத் திறந்தேன். எதிர்த்தாற்போல் வேப்பமரத்தடியில் கணபதிசுப்பிரமணியன் ஸ்கூட்டர் எஞ்சினை ஓடவிட்டபடியே, ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். இல்லை என்று சொன்னால் அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்து வந்தவர்போல இருந்தார்.

"என்னக்கா சொல்லட்டும்?"

என் மேசையில் இரண்டு முடிவுகள் இருந்தன. ராத்திரியே எழுதி வைத்தவை. ஒன்றில் அவள் சம்மதம் சொல்கிறாள், ஆவணியில் இலஞ்சி முருகன் கோயிலில் கல்யாணம், சண்முகசுந்தரியே ஆரத்தி எடுக்கிறாள். இன்னொன்றில் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிறாள், கரும்பலகையில் இரும்பின் குறியீட்டை எழுதுகிறாள். இரண்டும் சுப்புதான் தண்ணீர் ஊற்றினார் என்று நம்பி எழுதியவை. இரண்டும் இப்போது எதற்கும் ஆகாது. எடுத்து நீட்டினேன். கோட்டிக்காரி மாதிரி, புத்தியில்லாமல் அந்த நேரத்தில் போய்த் தாளை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை.

"கும்பத்துல ஊத்துனது நான்தான்னு மட்டும் சொல்லப்போறேன்" என்றாள். "ஏன்னு கேட்டா தெரியலன்னு சொல்லுவேன். அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"அதைச் சொன்னா அவரு போயிருவாருட்டி."

"போவட்டும். தெரியாமக் கட்டிக்கிட்டா அது பாவம்லா."

படியிறங்கிப் போய்விட்டாள். குடையைக்கூட எடுக்கவில்லை.

ஆசிரியருக்கு நான் இப்போது எழுதுவது: ஐயா, நீங்கள் கேட்ட கட்டுரை இதுதான். இரும்பின் சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை, நீலம் எல்லாம் இரண்டாம் பகுதியில் இருக்கின்றன, வடிவு சொன்னபடி, எல்லாம் சரி. அந்த ஒரு வரியும் தருகிறேன்: இரும்பு கலந்த தண்ணீரில் மாவிலையும் கிராம்பும் ஊறினால் கறுக்கும், அது இயற்கை. சண்முகசுந்தரி படிக்கட்டும். ஆனால் கேட்டவளுக்கு இனி அது போதாது.

வாசகர்களே, முடிவு உங்களுடையது. சாமர்த்தியத்துக்காக இப்படி விடுகிறேன் என்று நினைக்காதீர்கள், உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவள் மனசு இன்னதுதான் என்று தெரிந்தமாதிரி யாரும் எழுதாதீர்கள்.

ஜன்னலில் நின்று நான் பார்த்தது இவ்வளவுதான். அவள் அவர் முன்னால் சாரலில் நின்று பேசினாள். கார்களின் சத்தத்தில் ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. பேசி முடித்ததும் அவர் வண்டியை அணைத்தார். இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு குடையை எடுத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, குடையை விரித்து, தான் நனைந்தபடி அவள் பக்கமாக நீட்டிப் பிடித்திருக்கிறார். நான் இந்த வரியை எழுதும்போது அவள் இன்னும் குடைக்குள் வரவில்லை.